கல்மெகாக்கா, தெல்போச்கல்லியா?

மெண்டோசா சுவடியில் (பழைய மெக்சிகோவின் அஸ்டெக் மக்களின் வாழ்க்கையைப் படமாகக் காட்டும் நூல்) அஸ்டெக் அப்பா ஒருவர் 15 வயதுப் பையன்களை இரண்டு பள்ளிகளுக்கு அனுப்புகிறார். வீட்டில் மிளகாய்ப் புகை காட்டி மிரட்டியது 11 வயதிலேயே முடிந்தாயிற்று.

யாருக்கு: கல்மெகாக் பெரும்பாலும் பிரபுக்கள் வீட்டுக்கு; தெல்போச்கல்லி சாதாரணக் குடும்பத்துக்கு.

படிப்பு: கல்மெகாக்கில் நாள்காட்டி, சித்திர எழுத்து; தெல்போச்கல்லியில் போர்ப் பயிற்சி.

வேலை: இரண்டிலும் விறகு சுமக்கத்தான் வேண்டும்.

கண்டிப்பு: கல்மெகாக்கில் விரதம், நடுராத்திரியில் சில்லென்ற தண்ணீரில் குளியல், ஆனைக்கற்றாழை முள்ளால் தன் உடம்பையே குத்தி இரத்தக் காணிக்கை. தெல்போச்கல்லியில் பொழுது சாய்ந்தால் பாட்டும் ஆட்டமும் உண்டு. ஆனால் குடித்து மாட்டினால் உயிரே போகும்.

பூசாரியாகவோ நீதிபதியாகவோ ஆக நினைத்தால் கல்மெகாக். போரில் கைதி பிடித்துப் பேர் வாங்கவா? தெல்போச்கல்லி. எனக்கு அந்த நடுராத்திரிக் குளியல் சரிப்படாது.