அடித்தளம் இல்லாத செப்டிக் டேங்குக்கு 72,000 ரூபாய் கொடுத்தேன்

தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் எங்கள் வீட்டுக்குச் செப்டிக் டேங்க் அமைக்க, சிமெண்ட் உறை விற்று இறக்கியும் தரும் ஒருவரிடம் 72,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். நேற்றுதான் தெரியவந்தது. வீடு கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

முன்பணத்தை நீட்டியபோது வாங்க மறுத்து, அடியில் கான்கிரீட் போட்ட பிறகு கொடுத்தால் போதும் என்றார். அந்த ஒரு சொல்லில்தான் அவரை முழுதாக நம்பினேன். நான் ஓசூரில் வேலையில் இருந்த நாளில், தளம் போட்டாயிற்று என்று கைப்பேசிக்குப் படம் அனுப்பினார். உடனே 72,000 ரூபாயையும் அனுப்பிவிட்டேன். அந்தப் படத்தில் குழியைச் சுற்றிக் கிடப்பது கரிசல் மண். எங்கள் நிலமோ செம்மண்.

மழைக்குப் பின் போர்வெல் தண்ணீரில் வாடை வரவே, பரிசோதனைக்குக் கொடுத்தோம். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாத நைட்ரேட் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. குடிநீரில் அறவே இருக்கக் கூடாத ஈ.கோலை கிருமியும் இருந்தது. நேற்று தொட்டியின் மூடியைத் திறந்தோம். சரியான தொட்டியில் கசடு அடியில் தங்க, கழிவுநீர் எப்போதும் வெளியேற்றுக் குழாயின் மட்டம் வரை நிற்கும். அதற்கு மேல் வருவதுதான் உறிஞ்சுகுழிக்குப் போகும். எங்கள் குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒன்றரை ஆண்டுக் கழிவும் அடிவழியே இறங்கியிருக்கிறது. நம் பகுதியில் சில அடி மண்ணுக்குக் கீழே பாறை. வெடிப்பில் புகுந்த கழிவை வடிகட்ட அங்கே மண் கிடையாது. போர்வெல் 25 அடி தூரத்தில் இருக்கிறது.

கேட்டால், வயலுக்குப் போட்ட உரம் என்றார். நைட்ரேட்டுக்கு அதைச் சொல்லலாம், யூரியாவிலிருந்து ஈ.கோலை வருமா? பிறகு போர்வெல்லுக்குள் இறக்கிய கேசிங் பைப் உடைந்திருக்கும் என்றார். இன்று காலை அவர் மகன் எடுத்து, அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று வைத்துவிட்டான். 72,000 ரூபாயைக்கூட விடுங்கள். தங்கையின் ஐந்து மாதக் குழந்தைக்கு இந்தத் தண்ணீரைக் காய்ச்சித்தான் பால்மாவு கரைத்தோம். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது; கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும் என்று மருத்துவர் சொன்னபோது என் தங்கை அழுதாள். ஏற்கெனவே ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் இது.

தளம் போடும்போது நீங்களே குழியருகே நில்லுங்கள். பணம் கொடுக்கும் முன் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குகிறதா பாருங்கள். உறிஞ்சுகுழி கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் பால் கரைக்காதீர்கள்.