கோயிங்-டு-த-சன் சாலை: ஸ்டியரிங்கை யாரிடம் கொடுப்பது?

கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போகப் போவதாக யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "வண்டியை யார் ஓட்டப் போகிறீர்கள்?" என்பதுதான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டியிருக்கிறது இந்தப் பூங்கா. இதன் குறுக்கே போகும் கோயிங்-டு-த-சன் சாலை சுமார் 80 கிலோமீட்டர். மேற்கே மெக்டொனால்ட் ஏரிப் பக்கம் கிளம்பி, 2,026 மீட்டர் உயரத்தில் லோகன் கணவாயைத் தாண்டி, கிழக்கே செயின்ட் மேரி ஏரியில் கொண்டுபோய் விடும். பார்க்க நாலு வழி உண்டு: சொந்தக் கார், பூங்காவின் ஷட்டில், சிவப்புப் பேருந்து, பிளாக்ஃபீட் பழங்குடியினர் நடத்தும் சன் டூர்ஸ். நாலிலும் போய்விட்டேன்.

முதல் தடவை கார். அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். 80 கிலோமீட்டர்தானே, இதற்குப் போய் ஆளுக்கொரு டிக்கெட்டா என்று நினைத்தேன். சாலையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றே ஒன்றுதான், லூப் என்பார்கள். முதலில் போட்ட திட்டத்தில் 15 வளைவுகள் இருந்தனவாம். மலை முகத்தைக் கீறிக் கெடுத்துவிடும் என்று அதை ஒதுக்கிவிட்டு, கார்டன் வால் என்ற செங்குத்துப் பாறையின் இடுப்பில் ஒரே இழுப்பாகச் சாலையை வெட்டினார்கள். 1933-இல் திறப்பு விழா நடந்தது. பார்க்கிறவருக்கு அது பேரழகு. ஓட்டுகிறவனுக்கோ ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் முழங்கால் உயரக் கல்சுவர், அதற்கப்பால் வெறும் காற்று. கிழக்கு நோக்கிப் போகும்போது நாம் பள்ளத்தாக்கு ஓரத் தடத்தில் இருப்போம். பின் சீட்டில் அம்மா, "அங்க பாரு, அருவி!" என்கிறார். நான் பார்த்தது முன்னால் போன வண்டியின் பிரேக் விளக்கை.

லோகன் கணவாயில் வேறு கூத்து. கோடையில் அங்குள்ள பார்க்கிங் காலையிலேயே நிரம்பிவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தது பதினொரு மணிக்கு. நாற்பது நிமிடம் வட்டமடித்தோம். அம்மாவை மட்டும் கழிப்பறைக்கு இறக்கிவிட்டு, ஒரு சுற்று போய்த் திரும்ப ஏற்றிக்கொண்டு கீழே இறங்கியதுதான் எங்கள் கணவாய் தரிசனம். இது முழுக்க என் தப்பு. ஆறரைக்கே கிளம்பியிருக்க வேண்டும். இன்னொன்று: 21 அடிக்கு மேல் நீளமோ, பக்கக் கண்ணாடி உட்பட 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு மலைப்பகுதியில் அனுமதி இல்லை. உள்ளேயே படுத்துச் சமைத்துப் போகும் வீட்டு வண்டியை (RV) வாடகைக்கு எடுக்கிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2021-இலிருந்து கார் முன்பதிவு விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கின்றன. போன வருடம் போய்வந்த நண்பரின் பேச்சை நம்பாமல் பூங்காவின் தளத்தையே பாருங்கள்.

ஷட்டிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2007-இல் தொடங்கியது, நான் போனபோது காசு கிடையாது. ஆனால் அது சுற்றுலா வண்டி இல்லை, போக்குவரத்து வண்டி. யாரும் எதையும் விளக்க மாட்டார்கள். நடுவில் நிறுத்தச் சொல்லிப் படமெடுக்கவும் முடியாது. லோகனில் இறங்கி ஹைலைன் பாதையில் 19 கிலோமீட்டர் நடந்து லூப்பில் வந்து சேரும் ஆட்களுக்கு அது வரப்பிரசாதம். மற்றவர்கள் விட்டுவிடலாம்.

ஆக, உண்மையான போட்டி சிவப்புப் பேருந்துக்கும் சன் டூர்ஸுக்கும்தான்.

சிவப்புப் பேருந்துகளை ஒயிட் மோட்டார் கம்பெனி 1936-இலிருந்து 1939 வரை செய்துகொடுத்தது. 17 பேர் உட்காரலாம், வரிசைக்கு ஒரு கதவு, மேலே கான்வாஸ் கூரை. 1999-இல் அடிச்சட்டத்தில் விரிசல் தெரிந்து ஓரங்கட்டினார்கள். ஃபோர்டு நிறுவனம் புதுப்பித்துக் கொடுக்க, 2002-இல் மறுபடி சாலைக்கு வந்தன. ஓட்டுநரை 'ஜாமர்' என்பார்கள். அந்தக் காலத்தில் ஏற்றத்தில் கியரைக் கரகரவென்று அடித்துப் போட்டதால் வந்த பெயர். இப்போது கியர் தானாக மாறுகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நானும் மனைவியும் போனது ஜூலை தொடக்கத்தில். வெயில் வந்ததும் ஓட்டுநர் கூரையைப் பாய் மாதிரி சுருட்டி வைத்துவிட்டார். அப்புறம்தான் இந்தச் சாலை எதற்காகப் போடப்பட்டது என்று புரிந்தது. தலைக்கு மேலே மலை, வேறொன்றும் இல்லை. திரும்பும்போது மேற்கே இறங்கும் தடம் பாறையை உரசிப் போகும். வீப்பிங் வால் என்ற இடத்தில் பனி உருகிய நீர் பாறை முழுக்க வழிந்து சாலையில் விழுகிறது. திறந்த கூரை வழியே மடியில் சில்லென்று ஒரு கை தண்ணீர். வண்டி முழுக்கக் கூச்சல். ஆகஸ்ட் கடைசியில் போனால் சொட்டுதான் மிச்சமிருக்கும்.

குறை என்ன? மழை வந்தால் கூரையை மூடிவிடுவார்கள். அப்புறம் பக்கவாட்டில் தெரிவதுதான் காட்சி. நீளக்கால்காரர்களுக்கு இருக்கை இடுக்கம். கதையும் பெரும்பாலும் ரயில் கம்பெனி, பழைய ஹோட்டல்கள், சாலை போட்ட சாகசம் என்று பூங்கா பிறந்த 1910-ஐச் சுற்றியே வந்தது.

சன் டூர்ஸ் அங்கேதான் ஜெயிக்கிறது. எட் டெஸ்ரோசியர் என்ற பிளாக்ஃபீட்காரர் 1992-இல் தொடங்கியது. வண்டி சாதாரண ஏசி கோச். பெரிய ஜன்னல்கள், ஆனால் கூரை திறக்காது. ஓட்டுகிறவர் பக்கத்து நிலப்பகுதியில் வாழும் பிளாக்ஃபீட். இந்த மலைத்தொடர் அவர்களுக்கு உலகின் முதுகெலும்பு. 1895 ஒப்பந்தத்தில் பூங்காவின் கிழக்குப் பாதியை அமெரிக்க அரசு அவர்களிடமிருந்து 15 லட்சம் டாலருக்கு வாங்கியது. செம்பும் தங்கமும் கிடைக்கும் என்று சுரங்கக்காரர்கள் நம்பினார்கள். உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் அது பூங்கா ஆயிற்று. வேட்டை, மரம் வெட்டும் உரிமைகள் என்ன ஆயின என்ற வழக்கு அதற்குப் பிறகும் ஓயவில்லை. இதையெல்லாம் அவர் கோபமில்லாமல், வீட்டுச் சொத்துக் கதை போலச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். நடுவில் நிறுத்தி ஒரு செடியைக் காட்டி, அது எந்த வலிக்கு மருந்து என்றார்.

சாலைக்குப் பெயர் தந்த மலையைப் பற்றி இரண்டு வண்டியிலும் கேட்டுப் பாருங்கள். நாப்பி என்ற தெய்வம் மக்களுக்கு வாழக் கற்றுக்கொடுத்துவிட்டு அந்த மலைவழியே சூரியனுக்குத் திரும்பியது என்பது ஒரு கதை. 1880-களில் ஒரு வெள்ளைக்காரரே அந்தப் பெயரையும் கதையையும் கட்டிவிட்டார் என்பது இன்னொன்று. எந்த வண்டியில் எது முதலில் வருகிறது என்பதே சுவாரசியம்.

இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும். பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. ஜூன் கடைசிக்கு முந்தைய தேதிக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். கணவாய்க்குக் கிழக்கே 80 அடி வரை குவியும் பனியை அள்ளி முடித்த பிறகுதான் முழுச் சாலையும் திறக்கும். சில வருடம் ஜூலை பிறந்துவிடும். கிழக்கு நோக்கிப் போகும்போது வலப்பக்க இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். உயரம் பயம் என்றால் இடப்பக்கம்.

அடுத்த கோடையில் அப்பா அம்மா மறுபடி வருகிறார்கள். இரண்டு நாள் கிடைத்தால் முதல் நாள் சன் டூர்ஸ், மறுநாள் வானம் தெளிவாக இருந்தால் சிவப்புப் பேருந்து. ஒரு நாள்தான் என்றால் சன் டூர்ஸ். அப்பாவுக்குக் கதை வேண்டும். சிவப்புப் பேருந்தில் போர்வை தருவார்கள். இருந்தாலும் அம்மாவின் மங்கி குல்லாவை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.