ஃபில்டர்ல கார்பன், பியூரிஜென், ஜியோலைட்: ரெண்டு வருஷம் போட்டுப் பாத்ததுல

என்னோடது 100 லிட்டர் மீன் டேங்க், கேனிஸ்டர் ஃபில்டர் (டேங்க்குக்கு வெளிய வைக்கிற டப்பா மாதிரி ஃபில்டர்), உள்ள கப்பி, பிளாட்டின்னு சின்ன மீனுங்க. பெரிய மரக்கட்டை ஒன்னு போட்டதுல இருந்து தண்ணி டீத்தண்ணி கலருக்கு வந்துருச்சு, அதுக்காகத்தான் முதல்ல ஆக்டிவேட்டட் கார்பன் வாங்கினேன். ரெண்டு நாள்ல தெளிஞ்சுருச்சு. நல்லா அலசிட்டுப் போடுங்க, இல்லன்னா கரித்தூள் டேங்க் பூரா பரவும். ஆனா மூணு நாலு வாரத்துல அதோட வேலை முடிஞ்சுரும், அப்பவும் அதே கறுப்பாத்தான் இருக்கும், தண்ணியில மறுபடி மஞ்சள் ஏறினாதான் தெரியும்.

அதனால சீகெம் கம்பெனியோட பியூரிஜெனுக்கு (தண்ணியில கரைஞ்ச அழுக்கை உறிஞ்சுற செயற்கைப் பிசின்) மாறினேன், இப்ப வரைக்கும் அதுதான். 100 மில்லி 400 லிட்டர் வரைக்கும் தாங்கும்னு கம்பெனி சொல்றாங்க. புதுசுல வெளுப்பா இருக்கிற குட்டி உருண்டைங்க அழுக்கு ஏற ஏற பழுப்பாகி கடைசில காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துரும். அப்ப எடுத்து, வாசனை சேர்க்காத ப்ளீச்சும் தண்ணியும் சரிபாதி கலந்து பிளாஸ்டிக் டப்பாவுல 24 மணி நேரம் ஊறப்போட்டா திரும்ப வெளுத்துரும். அதுக்கப்புறம் நல்லா அலசி, டீக்ளோரினேட்டர் (குளோரினை நீக்குற திரவம்) கூடுதலா கலந்த தண்ணியில 8 மணி நேரம் ஊறணும். நான் மூக்குகிட்ட வச்சுப் பாப்பேன், துளி ப்ளீச் வாசனை வந்தாலும் திரும்ப ஊறவைப்பேன், ஏன்னா மிச்சம் இருக்கிற குளோரின் மீனோட செவுளை அரிச்சிரும். இதுவரை நாலு தடவை பண்ணியாச்சு, இன்னும் நல்லா வேலை செய்யுது.

ஜியோலைட் கதைதான் மனசுக்குக் கஷ்டம். அது அம்மோனியாவைப் பிடிச்சு வைக்கிற ஒரு வகைக் கல்லு. மீன் கொஞ்சம் கூடிப்போச்சு, மீன் கழிவுல இருந்து வர்ற அம்மோனியா விஷம், அது ஏறாம இருக்கட்டும்னு போட்டு வச்சிருந்தேன். ஒரு நாள் கப்பி மேல வெள்ளைப்புள்ளி நோய் தெரிஞ்சுது, உடனே உப்பு போட்டேன். சாயங்காலம் பாத்தா எல்லா மீனும் மேல வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குது, அம்மோனியா டெஸ்ட் கிட்ல மஞ்சளா இருக்க வேண்டியது பச்சையா மாறுது! ஜியோலைட் பிடிச்சு வச்சிருக்கிற அம்மோனியாவை உப்புல இருக்கிற சோடியம் வெளிய தள்ளிரும், ஜியோலைட்டை உப்புத்தண்ணில ஊறவச்சு ரீசார்ஜ் பண்றதே இப்படித்தான். அதே விஷயம் என் டேங்க்குக்குள்ளயே நடந்திருக்கு. உடனே ஜியோலைட்டை எடுத்துட்டு பாதித் தண்ணி மாத்தியும் மூணு கப்பி போயிருச்சு. உப்பு போடுறதுக்கு முன்னாடி ஃபில்டரைத் திறந்து உள்ள என்ன இருக்குன்னு பாத்துருங்க ப்ளீஸ்.

மருந்து போடும்போது கார்பனை எடுத்துரணும், இல்லன்னா மருந்தையே அது உறிஞ்சிரும். கோர்ஸ் முடிஞ்சப்புறம் மிச்ச மருந்தை எடுக்கத்தான் இப்ப ஒரு பை கார்பனைக் காஞ்சபடியே எடுத்து வச்சிருக்கேன்.

மீன் கழிவு கடைசியா மாறுற நைட்ரேட்டை கார்பன் தொடாது, அதுக்கு வாராவாரம் கால்வாசித் தண்ணி மாத்துறேன். இப்ப ஃபில்டர்ல முதல்ல ஸ்பான்ஜ், அடுத்து செராமிக் ரிங், கடைசியா பியூரிஜென். முன்னாடியே வச்சா குப்பை ஏறி சீக்கிரம் அடைச்சிருது.