சக்கிமுக்கியா, கேப்பா: இரண்டு பழைய கைத்துப்பாக்கிகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடையொன்றில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினருடையவை என்று சொல்லப்பட்ட இரண்டு கைத்துப்பாக்கிகளை அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்று சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிமருந்தைப் பற்றவைப்பது. மற்றது செப்புக் கேப்பின்மேல் ‘குதிரை’ எனப்படும் சுத்தி அடித்து வெடிப்பது.

எதுவானாலும் முதலில் குழலுக்குள் மரக்குச்சியை மெல்ல விட்டு ஆழத்தை அளந்து, அதை வெளிப்புறத்தில், மருந்துக்குத் தீ செல்லும் பற்றுத்துளை வரையுள்ள நீளத்தோடு ஒப்பிட வேண்டும். ஆழம் குறைந்தால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் தங்கியிருக்கக்கூடும்.

சக்கிமுக்கிக்கே மதிப்பு அதிகம் என்பதால் ஏமாற்றும் அங்கேதான் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேப்புக்கு மாற்றப்பட்ட பல துப்பாக்கிகளை இப்போது மீண்டும் சக்கிமுக்கியாக்கி விற்கிறார்கள். கடையில் கண்டதில், பக்கத் தகட்டில் அடைக்கப்பட்ட திருகுத் துளைகளின் வட்டத் தடம் விளக்கொளியில் தெரிந்தது. கம்பெனியின் முத்திரை 1808 வரை இதயக்குறி, அதன்பின் மகுடமேந்திய சிங்கம். இங்கோ சுற்றிலும் துரு அரித்திருக்க, இதயத்தின் விளிம்பு மட்டும் கூர்மையாக நின்றது.

கேப்புத் துப்பாக்கி எளிமையானது. கேப்பு மாட்டும் குமிழ் தேய்ந்திருந்தாலும் பெருங்குறையன்று. வால்நட் கட்டையின் ரேகை, பர்மா தேக்குத் தூண்களோடு வளர்ந்த நம் கண்ணுக்குச் சட்டென வேறுபட்டுத் தெரியும். பித்தளைப் பூணை, நல்லவேளையாக, யாரும் புளி போட்டுத் துலக்கியிருக்கவில்லை. நான் வாங்குவதாயின் இதைத்தான் வாங்குவேன். ஆனால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கே விலக்களிப்பதால், அதை எழுத்தில் உறுதிசெய்யாமல் முன்பணம் கொடுக்க மாட்டேன்.