கேள்வி முதலா, பேசேஜ் முதலா? ரீடிங் காம்ப்ரிஹென்ஷனுக்கான நான்கு வழிகள்

போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களிடையே ஓயாத சண்டை ஒன்று உண்டு. ரீடிங் காம்ப்ரிஹென்ஷனில், அதாவது ஒரு உரைநடைத் துண்டை (பேசேஜை) படித்துக் கேள்விகளுக்கு விடை சொல்லும் பகுதியில், முதலில் பேசேஜைப் படிப்பதா, கேள்வியைப் படிப்பதா? இரண்டு தரப்பிலும் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் சண்டை தீர்வதில்லை. ஆனால் அவரவர் எழுதியது வேறு வேறு தேர்வு என்பதை யாரும் கவனிப்பதில்லை. பேசேஜ் எவ்வளவு நீளம், அதற்கு எத்தனை கேள்வி, அவை எந்த வகை, எல்லாக் கேள்வியும் ஒரே நேரத்தில் கண்ணில் படுமா என்ற நான்கையும் பார்த்துத்தான் வழியை முடிவுசெய்ய வேண்டும். 'எனக்கு இதுதான் பழக்கம்' என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

புழக்கத்தில் இருக்கும் வழிகள் நான்கு: பேசேஜை முழுக்கப் படித்துவிட்டுக் கேள்விக்குப் போவது, கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசேஜுக்கு வருவது, மேலோட்டமாக ஓட்டிப் பார்த்துவிட்டு விடை தேடுவது, ஒரு பத்தி ஒரு கேள்வி என்று மாறி மாறிப் போவது.

பேசேஜ் முதலில்

ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேர எழுதும் கேட் (CAT) தேர்வை எடுத்துக்கொள்வோம். மொழித்திறன் பகுதிக்கு 40 நிமிடம். சமீப ஆண்டுகளில் அதில் 24 கேள்விகள், அவற்றில் 16 பேசேஜ் சார்ந்தவை. நான்கு பேசேஜ், ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி. பேசேஜ்களுக்கு 28 நிமிடம் ஒதுக்கினால் ஒன்றுக்கு 7 நிமிடம் கிடைக்கும். 500 சொல் கொண்ட பேசேஜை நிமிடத்துக்கு 200 சொல் வேகத்தில் படித்தால் இரண்டரை நிமிடம். மீதி நாலரை நிமிடத்தில் நான்கு கேள்வி. அவசரமே இல்லாத கணக்கு இது.

அங்கே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஆசிரியரின் வாதம், நோக்கம், அவர் எதை ஏற்பார், எதை ஏற்க மாட்டார் என்பதைச் சுற்றியவை. ஒரு வரியைத் தேடிப் பிடித்து விடை சொல்ல முடியாது. அதனால் இத்தகைய தேர்வுக்குப் பேசேஜ் முதலில் என்பதே சரி.

ஆனால் முழுக்கப் படிப்பது வேறு, எல்லாவற்றையும் நினைவில் ஏற்றுவது வேறு. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் மூன்று விநாடி நின்று, அந்தப் பத்தி என்ன வேலை செய்கிறது என்பதை நாலைந்து சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். 'பழைய கொள்கை', 'அதற்கு மறுப்பு', 'சான்று', 'ஆசிரியர் முழுசாக ஒப்பவில்லை' என்ற அளவு போதும். திரையில் எழுதும் கேட் தேர்வில் அடிக்கோடு போட முடியாது. ரஃப் ஷீட்டில் இருக்கும் இந்த நாலு வரிதான் பின்னால் வழிகாட்டும். 'ஆனால்', 'இருப்பினும்', 'மாறாக' வரும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள், ஆசிரியரின் உண்மையான நிலைப்பாடு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். ஆண்டு, பெயர், எடுத்துக்காட்டு நிறைந்த பகுதியை அது எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு தாண்டிவிடுங்கள்.

இந்த வழியில் சறுக்குவது ஒரே இடத்தில்தான். புரியாத வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு அதையே மூன்றாம் முறை படிப்பது. ஒரு முறைக்கு மேல் திரும்பாதீர்கள். அந்த வாக்கியத்தின் மீது கேள்வி இல்லாமலே போகலாம். ஆங்கிலப் பேசேஜை வாக்கியத்துக்கு வாக்கியம் மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டே போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. பத்தி முடிவில் எழுதும் குறிப்பு மட்டும் தமிழில் இருக்கட்டும்.

கேள்வி முதலில்

இந்த வழியைப் பின்பற்றுகிறவர்களில் பலர் ஆப்ஷன்களையும் சேர்த்தே படித்துவிடுகிறார்கள், கெடுவது அங்கேதான். நான்கு கேள்வி, கேள்விக்கு நான்கு ஆப்ஷன், ஆப்ஷனுக்கு 15 சொல் என்று வைத்தால் 240 சொல். அதாவது அரைப் பேசேஜ். அந்தப் 16 கூற்றுகளில் 12 தவறானவை, நம்பும்படி எழுதப்பட்டவை. பேசேஜைத் தொடும் முன்பே அவை மனதில் உட்கார்ந்துவிடும். பிறகு படிக்கும்போது ஆசிரியர் சொன்னது எது, ஆப்ஷன் சொன்னது எது என்று குழம்பும்.

எனவே கேள்வி வரியை மட்டும் படியுங்கள். நான்கு கேள்விக்கு 20 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. அதிலிருந்து எடுக்க வேண்டியவை இரண்டு: கேள்வி எந்த வகை, தேட வேண்டிய பெயரோ கருத்தோ உண்டா. எல்லாமே 'மையக் கருத்து என்ன', 'இதிலிருந்து என்ன பெறப்படும்' என்று இருந்தால் முன்கூட்டிப் பார்த்ததில் ஒரு லாபமும் இல்லை, நேராகப் பேசேஜுக்குப் போய்விடலாம்.

யுபிஎஸ்சி குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் சிசாட் (திறனறி) தாளுக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும். 80 கேள்விக்கு 2 மணி நேரம், கேள்விக்கு ஒன்றரை நிமிடம். பேசேஜ்கள் பெரும்பாலும் குட்டி, ஒன்றிரண்டு கேள்விதான் தொடரும். கேட்பது சாராம்சமா, அனுமானமா, ஆசிரியர் சொல்லாமலே ஏற்றுக்கொண்டிருக்கும் எடுகோளா என்பது தெரிந்துவிட்டால் படிக்கும் கோணமே மாறும். எடுகோள் கேட்டால் முடிவுக்கும் காரணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தேடிக்கொண்டே படிக்கலாம். 200 மதிப்பெண்ணில் 66 வந்தால் தகுதி என்கிற தாள் அது. எல்லாப் பேசேஜையும் தொட்டாக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

வெளிநாட்டு மேலாண்மைப் படிப்புகளுக்குப் பலர் எழுதும் ஜிமேட்டில் இந்த வழிக்கு இடமே இல்லை. பேசேஜ் திரையில் நிற்கும், கேள்விகள் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது வரும்.

ஒரு குட்டிப் பேசேஜ்

இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசத்தை இதில் பாருங்கள்.

'நகரங்களில் மரம் நட்டால் வெப்பம் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. நிழலும் இலைகளிலிருந்து ஆவியாகும் நீரும் சுற்றுப்புறத்தைக் குளிர்விப்பது உண்மைதான். ஆனால் ஒடுங்கிய தெருக்களில் அடர்ந்த கிளைகள் காற்றோட்டத்தைத் தடுத்து வாகனப் புகையைக் கீழேயே தேக்கிவிடக்கூடும். எனவே எத்தனை மரம் என்பதைவிட எங்கே எந்த மரம் என்பதே திட்டமிடுவோர் கேட்க வேண்டிய கேள்வி.'

மையக் கருத்து எது?
அ) மரங்கள் நகர வெப்பத்தைக் குறைக்கின்றன.
ஆ) ஒடுங்கிய தெருக்களில் மரம் நடக் கூடாது.
இ) நகரில் மரம் நடுவதன் பலன் இடத்தையும் மர வகையையும் பொறுத்தது.
ஈ) வாகனப் புகையைக் கட்டுப்படுத்தினால்தான் நகர மரங்களால் பயன் கிடைக்கும்.

ஆப்ஷனைப் படித்துவிட்டு வருகிறவர் இரண்டாம் வாக்கியத்திலேயே 'அ' சரி என்று நின்றுவிடுவார். அது பேசேஜில் இருப்பதுதான், ஆனால் பாதி. ஆசிரியர் அதை ஒப்புக்கொண்டு தாண்டிப் போகிறார். 'ஆ' இன்னும் நைச்சியமானது: பேசேஜ் 'தேக்கிவிடக்கூடும்' என்று எச்சரிப்பதை 'நடக் கூடாது' என்று தீர்ப்பாக்கிவிட்டது. 'ஈ' பேசேஜில் உள்ள சொற்களைக் கொண்டே பேசேஜில் இல்லாத நிபந்தனையைக் கட்டியிருக்கிறது. மிஞ்சும் 'இ'யில் பேசேஜின் சொற்றொடர் அப்படியே எதுவும் இல்லை, கருத்து மட்டும் இருக்கிறது. சரியான விடை பல நேரம் இப்படித்தான் வேறு சொல்லில் வரும், தவறானவை பேசேஜின் சொல்லையே போர்த்திக்கொண்டு வரும்.

இதே பேசேஜில் எடுகோள் கேட்டால் புரட்டிப் போட்டுச் சோதியுங்கள். 'மரத்தின் வகையும் இடமும் விளைவை மாற்றும்' என்பது எடுகோளா? 'எந்த மரத்தை எங்கே நட்டாலும் விளைவு ஒன்றே' என்று மாற்றினால் கடைசி வாக்கியம் நிற்காது. ஆகவே அது எடுகோள். 'நகரவாசிகள் மரங்களை விரும்புகிறார்கள்' என்பதைப் புரட்டினாலும் வாதம் அசையாது, அது எடுகோள் இல்லை.

மேலோட்டமாக ஓட்டுவது

பத்திதோறும் முதல் வரியும் கடைசி வரியும் படித்தால் போதும் என்று சொல்லிக்கொடுக்கும் வழி. நான்கில் பலவீனமானது இதுதான். மேலே உள்ள பேசேஜில் முதல் வரி ஆசிரியரின் கருத்தே இல்லை, அவர் திருத்த வரும் நம்பிக்கை. திருப்பம் நடுவில் கிடக்கிறது. தேர்வுக்குப் பேசேஜ் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கும் இந்த உத்தி தெரியும்.

பேசேஜைத் தேர்வுசெய்ய மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். 20 விநாடி ஓட்டிப் பார்த்து, எது எளிது, எது கடைசிக்கு என்று பிரிப்பது லாபம். அங்கேயும் தலைப்பு பரிச்சயமானதா என்று பார்க்காதீர்கள். வாக்கிய நீளத்தையும் ஆப்ஷன்களின் நெருக்கத்தையும் பாருங்கள். பரிச்சயமான தலைப்பு என்றால் பேசேஜில் இல்லாத நம் அறிவு விடைக்குள் நுழைந்துவிடும்.

பத்திக்குப் பத்தி

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் அகாடமிக் ரீடிங்கில் மூன்று பேசேஜ், 40 கேள்வி, 60 நிமிடம். அங்கே 'சரி, தவறு, தரப்படவில்லை' வகைக் கேள்விகள் பேசேஜின் வரிசையிலேயே வரும். இரண்டு கேள்வியைப் பார், அவற்றுக்கான இடம் வரும்வரை படி, விடை எழுது, அடுத்த இரண்டு. இவ்வளவுதான். பத்திக்குத் தலைப்பு பொருத்துவது போன்ற சில வகைக் கேள்விகளுக்கு அந்த வரிசை கிடையாது.

இந்த வகையில் அடி விழுவது 'தவறு'க்கும் 'தரப்படவில்லை'க்கும் நடுவில். பேசேஜ் மறுத்தால் தவறு, பேசாமல் விட்டால் தரப்படவில்லை. 'பெரும்பாலான நகர மரங்கள் ஒடுங்கிய தெருக்களில் உள்ளன' என்பது நம் பேசேஜுக்குத் தரப்படவில்லை. பேசேஜ் தெருவைச் சொன்னது, எண்ணிக்கையைச் சொல்லவில்லை. கேட் பேசேஜில் இந்த வழியைப் போட்டால் வாதம் துண்டு துண்டாகிவிடும்.

இரண்டு ஆப்ஷனில் நிற்கும்போது

எந்த வழியில் வந்தாலும் கடைசியில் இரண்டு ஆப்ஷன் மிஞ்சும். அப்போது எது சரி என்று கேட்பதைவிட, எதில் ஒரு சொல்லாவது பேசேஜை மீறுகிறது என்று தேடுவது வேகமானது. 'எப்போதும்', 'மட்டுமே', 'எல்லா' போன்றவற்றில் கை வையுங்கள். ஆசிரியரே அவ்வளவு அழுத்திச் சொல்லியிருந்தால் அவை குற்றமில்லை.

நெகட்டிவ் மார்க் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிசாட்டில் சரிக்கு 2.5, தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போகும். நான்கில் கண்ணை மூடி அடித்தால் சராசரி லாபம் பூஜ்ஜியம். ஒரு ஆப்ஷனை உறுதியாக நீக்கினால் 0.28, இரண்டை நீக்கினால் 0.83. சரிக்கு 3, தவறுக்கு 1 கழிக்கும் கேட்டிலும் குருட்டடி பூஜ்ஜியம்தான், இரண்டை நீக்கினால் லாபம் 1. வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இயிலும் ஐஇஎல்டிஎஸ்ஸிலும் கழிப்பே கிடையாது, ஒன்றையும் காலியாக விடக் கூடாது.

உங்கள் தேர்வுக்கு எது பொருந்தும் என்று பார்க்க, ஒரே அளவு கடினமான எட்டு பேசேஜில் நான்கை ஒரு வழியிலும் நான்கை இன்னொரு வழியிலும் போட்டுப் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், தவறானவற்றை வகை பிரியுங்கள். மையக் கருத்துக் கேள்விகள் தவறினால் கேள்வி முதலில் என்கிற பழக்கத்தை விடுங்கள். தகவல் கேள்விகள் தவறினால் படித்த முறையில் குறையில்லை, நினைவை நம்பிப் பேசேஜுக்குத் திரும்பாமல் விடை போட்டிருப்பீர்கள். எல்லாம் சரியாகி நேரம்தான் போதவில்லை என்றால், பேசேஜ் படிக்க எத்தனை நிமிடம், ஆப்ஷனில் எத்தனை நிமிடம் என்று தனித்தனியாக அளந்து பாருங்கள். பலருக்கு ஆப்ஷன் பக்கம்தான் ஓட்டை இருக்கும்.