பிங் பாங்கா, ஹைக்யூவா?

இரண்டும் 2014 ஏப்ரலில் தொடங்கிய பள்ளி விளையாட்டு அனிமேக்கள், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள். ஒற்றுமை அதோடு சரி.

ஹைக்யூ முதல் சீசன் 25 எபிசோடு. வாலிபால் தெரியாதவருக்கும் ரொட்டேஷன் (இடம் மாறும் முறை), செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக்கொடுப்பவர்), லிபெரோ (தடுப்பாட்டக்காரர்) எல்லாம் ஆட்டத்தின் நடுவிலேயே புரியவைத்துவிடும். நாயகன் ஹினாட்டா கண்ணை மூடி வீசும் கைக்குப் பந்தைக் கொண்டுவந்து சேர்க்கிறான் செட்டர் ககேயாமா; அந்த க்விக் அட்டாக் (மின்னல் வேக அடி) ஏன் எடுபடுகிறது என்பதையும் சொல்லிக்கொடுக்கிறது.

டேபிள் டென்னிஸ் பற்றிய, மசாகி யுவாசா இயக்கிய பிங் பாங் 11 எபிசோடுதான், நாலரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விதிகளை விளக்க மெனக்கெடாது. கோணல்மாணலான கோடுகள், காமிக்ஸ் கட்டங்களாகத் துண்டாகும் திரை: பலர் முதல் எபிசோடிலேயே கழன்றுகொள்வது இதனால்தான். மூன்றாவது வரை பொறுங்கள். ஜெயிக்க ஆசையே இல்லாத நாயகன் ஸ்மைலுக்கு மட்டுமல்ல, சீனாவில் அணியிலிருந்து கழற்றிவிடப்பட்டு ஜப்பானுக்கு வந்த காங் போன்ற எதிராளிகளுக்கும் முழு வாழ்க்கை உண்டு. 6ஆம் எபிசோடின் கிறிஸ்துமஸ் இரவில் காங் கரோக்கியில் பாட, அந்தப் பாட்டின் மேலேயே மற்றவர்களின் தனிமையும் ஓடுகிறது. பந்தே வேண்டாம், அந்தக் காட்சி போதும்.

விறுவிறுப்பான ஆட்டம் வேண்டுமா, ஹைக்யூ. மனிதர்கள் வேண்டுமென்றால் யோசிக்காமல் பிங் பாங்.