கூட்டத்தில் எழுந்து சொல்வதா, தனியே போய்ச் சொல்வதா?

கமக்காரர் அமைப்பின் கணக்கிலோ, யார் எவ்வளவு விதைக்கலாம் என்ற பங்குப் பட்டியலிலோ பிழை கண்டவர்கள் அதை எங்கே சொல்வதென்று தயங்குவதை வன்னியில் அடிக்கடி காண்கிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகத்துக்கு, அதாவது மாரிகால நெற்செய்கைக்கு, மழை கைகொடுக்கிறது. அதன்பின் கோடையில் வரும் சிறுபோகத்துக்கோ குளத்தில் மிஞ்சிய நீரைப் பார்த்தே விதைப்புப் பரப்புத் தீர்மானிக்கப்படுவதால், பட்டியலில் விழும் சிறு தவறும் ஒருவரின் அரை ஏக்கரைத் தின்றுவிடும்.

வேகம்: தனியே சொன்னால் அன்று மாலையே திருத்தலாம். பொதுவில் சொல்லக் கூட்டம் கூடும்வரை காத்திருக்க வேண்டும்.

நிலைப்பு: வேறுபாடு பெரிதாவது இங்கேதான். கூட்டத்தில் சொன்னது அறிக்கைப் புத்தகத்தில் ஏறுகிறது. அடுத்த கூட்டத்தில் அது வாசித்து ஏற்கப்பட்டபின், செயலாளர் மாறினாலும் எழுத்து அங்கேயே இருக்கும். தனியே பெற்ற வாக்குறுதி, தந்தவர் பதவியில் இருக்கும்வரைதான்.

உறவு: தனியே சொல்வதே இதம். நான் ஒருமுறை சபையில் எழுந்து தலைவரைக் குறைசொல்ல, பழைய பட்டியலைப் பிரித்தபோது பிழை என்னுடையதென்று தெரிந்தது. எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டேன். தனியே கேட்டிருந்தால் ஒரு தேநீரோடு முடிந்திருக்கும்.

ஆகவே பெயர் மாறியது, கூட்டல் பிழைத்தது போன்றவற்றுக்குச் செயலாளர் வீட்டுப் படலை போதும். பங்கு பிரிக்கும் முறையையோ அமைப்பின் விதிகளான யாப்பையோ திருத்த விரும்புவோர் கூட்டத்துக்கே போகவேண்டும். அதுவும் சிறுபோகத்துக்கு நீர் திறக்கும் நாள் குறிக்கப்படுவதற்கு முன்னரே, எழுதிக் கையொப்பமிட்ட கடிதத்துடன்.